உரிக்காத யன்னல்

1

அந்தக் கண்ணாடிகளைக் கீறியது உங்கள் ஆட்கள். என் கூடப்பிறந்த ராத்தா இல்லை.

உங்கள் பெயரையோ கடையின் பெயரையோ நான் எழுதப்போவதில்லை. கல்முனையில் அலுமினிய யன்னலும் கண்ணாடியும் விற்கிற முதலாளி நீங்கள். வாசிக்கும்போது இது உங்களுக்குத்தான் என்று உங்களுக்கு விளங்கும். மற்றவர்களுக்கு இப்போது விளங்காவிட்டால் பரவாயில்லை. நீங்கள் எழும்பிப் பதில் சொல்லும்போது விளங்கிக்கொள்வார்கள்.

இந்தப் பத்திரிகைப் பக்கத்தில் நான் வழக்கமாக எழுதுவது வேறு. இங்கிலாந்துக் குளிர், கோடையில் வந்தால் முடியாமல் நீளும் நோன்புப் பகல், பேருந்தில் பக்கத்தில் இருந்தும் முகம் பார்க்காத மனிதர்கள், எங்களோடு கதைக்கக் கூச்சப்படும் எங்கள் பிள்ளைகள். ஊரிலிருந்து சிலர், நன்றாக எழுதுகிறீர்கள் என்று செய்தி அனுப்புவார்கள். இந்த மாதம் நன்றாக எழுதும் மனநிலையில் நான் இல்லை.

2

என் வேலை கீறல் பார்ப்பது.

மான்செஸ்டர் விமான நிலையத்துக்குப் பக்கத்தில், வாடகைக் கார்கள் திரும்பி வருகிற முற்றத்தில் நிற்கிறேன். வந்த காரைச் சுற்றி நடக்க வேண்டும். எது பழைய கீறல், எது புதியது, எதற்கு வாடிக்கையாளர் பொறுப்பு, எதற்கு இல்லை என்று எழுத வேண்டும். அவ்வளவுதான் வேலை. இதற்கு ஒரு படிப்பும் தேவையில்லை. முழங்கால் நன்றாக இருந்தால் போதும்.

கீறலின் மேல் நகத்தை வைத்து இழுப்போம். நகம் தடக்கினால் அது பெயின்றுக்குள் இறங்கிய கீறல். தடக்காவிட்டால் மினுக்கினால் போய்விடும், அதைச் சாதாரணப் பாவனைத் தேய்வு என்று எழுதி விட்டுவிடுவோம். ரோட்டில் ஓடுகிற பொருளில் பற்றை உரசும், கல் தெறிக்கும். அதற்கெல்லாம் ஆளைப் பிடிக்க முடியாது. பம்பரின் கீழ் விளிம்பில் விட்டுக்கொடுக்கிற நீளத்தைக் கதவில் விட்டுக்கொடுக்க மாட்டோம். இப்படி ஒவ்வொன்றுக்கும் ஒரு அளவு இருக்கிறது.

ஆனால் எல்லா அளவுக்கும் மேலே ஒரு விதி இருக்கிறது. கார் வெளியே போகும்போது இரண்டு தரப்பும் அதைக் கண்ணால் பார்த்திருக்க வேண்டும். மழை பெய்து கார் நனைந்திருந்தால் தாளில் 'ஈரம்' என்று ஒரு கட்டம் இருக்கிறது, அதில் புள்ளடி போட வேண்டும். ஏனென்றால் தண்ணீர் கீறலை மறைக்கும். நனைந்த காரில் ஒருவர் கீறல் இல்லை என்று ஒப்பம் வைத்தால், அவர் வைத்தது தண்ணீருக்குத்தான், காருக்கு இல்லை. மான்செஸ்டரில் அந்தக் கட்டத்தில் புள்ளடி விழாத நாள் குறைவு.

போன கிழமை ஒரு பெண் இரண்டு சின்னப் பிள்ளைகளோடு வெள்ளைக் கார் ஒன்றைக் கொண்டுவந்து விட்டார். பின்கதவில் மெல்லிய நீளக் கீறல். எங்கள் மேற்பார்வையாளன் இளம் பொடியன், கெட்டவன் இல்லை, அவசரக்காரன். கீறலைப் பார்த்தான், தாளில் அந்தப் பெண்ணின் ஒப்பத்தைப் பார்த்தான், முடிந்தது என்று பேனையை எடுத்தான். அந்தப் பெண்ணின் முகம் வெளிறிப் போனது. நான் 'ஈரம்' கட்டத்தில் இருந்த புள்ளடியைக் காட்டினேன். அவன் பேனையை மூடிச் சட்டைப்பையில் வைத்துவிட்டு, நீங்கள் போகலாம் என்றான். அவர் அவனுக்கு நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு தேநீர் குடிக்கப் போய் இருந்தபோதுதான் ராத்தாவின் குரல் செய்தியைக் கேட்டேன்.

"தம்பி, நான் தேய்க்கல்ல. அல்லாவுக்காகச் செல்றன், ஈரத் துணியால தொடச்சது மட்டுந்தான். நான் கீறிப்போட்டுப் பொய் செல்றனாம். கண்ணாடிக் கட மனேஜர் மாப்புளட உம்மாக்கு முன்னால வச்சுச் செல்லிப்போட்டான். நீ ஒருக்காக் கதைச்சுப் பாரு மனே."

என் ராத்தா என்னை எதற்கும் கதைக்கச் சொன்னவள் இல்லை.

3

எங்கள் பகுதியில் கலியாணம் என்றால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். வீட்டைப் பெண்ணின் உம்மா வாப்பா கட்டிக் கொடுக்க வேண்டும். அது சரியா பிழையா என்று வேறொரு மாதம் சண்டை பிடிப்போம். ராத்தாவுக்கு எங்கள் வாப்பா கட்டிக் கொடுத்த வீட்டைச் சுனாமியில் கடல் கொண்டு போனது. அதற்குப் பிறகு அவளும் அவளுடைய கணவரான மச்சானும் கடலிலிருந்து தள்ளி வந்து, மகள் ஷிஃபானாவுக்கென்று ஒரு வீட்டை அறை அறையாகக் கட்டினார்கள். ஒரு போகம் விளைந்தால் ஒரு சுவர். இப்படித்தான்.

யன்னல் பூட்ட உங்கள் ஆட்கள் வந்த நாள் மச்சான் சாகாமத்தில் வயல் வட்டையில் நின்றார், வேளாண்மைக்குத் தண்ணீர் கட்டும் நேரம். வீட்டில் ராத்தா மட்டும். அவள் குசினியில் உங்கள் ஆட்களுக்குத் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். முன் மண்டபத்திலிருந்து பல் கூசுகிற சத்தம் கேட்டதாகச் சொல்கிறாள். யன்னல் ஓரம் பூசின சீமெந்து கண்ணாடியில் தெறித்துக் காய்ந்திருந்தது. அதைச் சுரண்டுகிறார்கள் என்று நினைத்திருக்கிறாள். வேலை என்றால் சத்தம் வரும்தானே.

சுரண்டி முடித்துவிட்டுத்தான் உங்கள் ஆட்கள் கண்ணாடி முழுக்க நீலப் பொலித்தீனை ஒட்டினார்கள். பெயின்ற் வேலை முடியும்வரை தூசு படாமல் இருக்க என்று சொன்னார்கள். ஒட்டிய பிறகு ராத்தாவைக் கூப்பிட்டார்கள்.

"பாருங்க ராத்தா, எல்லாம் புத்தம் புதுசு. பொலித்தீன் கூட உரியல்ல. இந்த உத்தரவாத அட்டையில ஒரு சைன் வைங்க."

வைத்தாள். பொலித்தீன் இருந்தால் புதுசு. நம் ஊரில் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். குளிர்சாதனப் பெட்டியின் கதவில் பொலித்தீன் மூன்று பெருநாள் தாண்டியும் இருக்கும். காரின் ஆசனத்தில் கிழிந்து தொங்கும்வரை இருக்கும். கலியாண வீடு என்றால் இன்னும் மோசம். மாப்பிள்ளை கால் வைக்கும்வரைக்கும் கதவிலோ அலுமாரியிலோ யன்னலிலோ ஒட்டியதை உரிக்கக் கூடாது. யார் சொன்னது? மார்க்கத்தில் இல்லை. சட்டத்திலும் இல்லை. மாப்பிள்ளை வீட்டார் வந்து, பாவித்த சாமானைக் கொடுத்துவிட்டார்கள் என்று சொல்லிவிடக் கூடாதே என்ற பயம் மட்டும்தான்.

அந்தப் பயத்தை வைத்துத்தான் நீங்கள் ஒப்பம் வாங்கினீர்கள்.

4

யன்னல்கள் மாதக்கணக்கில் நீலமாகவே நின்றன. வெயில் பட்டுப் பசை இறுகிவிட்டது. நிக்காஹ்வுக்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது, மாப்பிள்ளையின் உம்மா அட்டாளைச்சேனையிலிருந்து வீடு பார்க்க வருவதாகச் சொல்லி அனுப்பினார். சம்பந்திக்கு இருட்டு மண்டபத்தைக் காட்ட முடியாது என்று ராத்தா முதல்நாள் முன்பக்க யன்னல்களை மட்டும் உரித்தாள். நகத்தால் ஓரத்தைக் கிளப்பி, ஈரத் துணியால் ஊறவைத்து, இழுத்திருக்கிறாள். வெளிச்சம் உள்ளே வந்தது. வெளிச்சத்தோடு கீறல்களும் வந்தன. கையகலத்துக்குக் கையகலம் வளைந்து வளைந்து, ஒரே திசையில், கூட்டம் கூட்டமாக. படங்களை எனக்கு அனுப்பினாள். பதினாறு வருடமாகக் கீறல் பார்க்கிற கண் எனக்கு. சுரண்டுகிற பிளேடைச் சரித்துப் பிடித்துச் சீமெந்தோடு சேர்த்து இழுத்தால் அப்படித்தான் விழும். துணியால் அப்படி ஒரு கீறலைப் போட யாராலும் முடியாது.

உங்கள் கடைக்குச் சொன்னார்கள். உங்கள் மனேஜர் வந்தார். அவர் வந்தது சம்பந்தி வந்திருந்த அதே நேரம். தற்செயல்தான், அதற்கு நான் அவரைக் குற்றம் சொல்லவில்லை.

மண்டபத்தில் ஐந்தாறு பெண்கள். உங்கள் மனேஜர் கண்ணாடிக்குக் கிட்டப் போய்க் குனிந்தார், தள்ளி நின்றும் பார்த்தார். பிறகு உத்தரவாத அட்டையை எடுத்து ராத்தாவின் ஒப்பத்தைக் காட்டினார். சிரித்துக்கொண்டே சொன்னார்:

"கோவிக்காதீங்க ராத்தா. பொலித்தீன் உரியாட்டிச் சட்டி தேய்க்கிற கம்பியால தேச்சிருப்பீங்க. பொம்புளயள் செய்யிற வேலதானே இது. கீறிப்போட்டுக் கடையில பழி போட்டா நாங்க என்ன செய்யிற?"

ராத்தா இல்லை என்றிருக்கிறாள். அவர் மறுபடி ஒப்பத்தைக் காட்டியிருக்கிறார். "வெளிநாட்டுக் காசில கட்டுற ஊடெல்லாம் இப்பிடித்தான். ஒண்டை ஒடைச்சுப்போட்டு ரெண்டு கேப்பாங்க" என்று யாருக்கோ சொல்வதுபோல் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். வீட்டுக்கு வெளிநாட்டுக் காசு பெரிதாக ஒன்றும் வரவில்லை. மச்சானின் வேளாண்மைதான் அந்த வீடு. அது போகட்டும்.

மாப்பிள்ளையின் உம்மா நல்ல மனுசி என்று ராத்தா இப்போதும் சொல்கிறாள். அவர் தேநீரைக் குடித்து முடித்துவிட்டு மெதுவாகத்தான் கேட்டாராம்.

"கண்ணாடி கெடக்கட்டும் மச்சி. அந்தப் பொடியன் செல்றது உண்மையா, நீங்க செல்றது உண்மையா? எனக்கு அது தெரிஞ்சாப் போதும்."

ராத்தா தான் சொல்வதுதான் உண்மை என்றாள். அவர் தலையாட்டினார். இரண்டு நாள் கழித்து அட்டாளைச்சேனையிலிருந்து சொல்லி அனுப்பினார்கள்: வேளாண்மை வெட்டு முடியட்டும், பிறகு நிக்காஹ்வைப் பார்ப்போம். மாப்பிள்ளை பள்ளிக்கூட வாத்தியார். அவர்களுக்கு ஒரு துண்டு வயலும் இல்லை.

5

அட்டையை ஷிஃபானா படம் எடுத்து அனுப்பினாள். முழுக்க ஆங்கிலம். கல்முனையில் அச்சடித்து, கல்முனையில் விற்கிற யன்னலுக்கு, தமிழ் மட்டும் வாசிக்கத் தெரிந்த என் ராத்தாவின் கையில் கொடுத்த அட்டை.

அதில் இருப்பதைத் தமிழில் சொல்கிறேன். மேற்பரப்பில் ஏற்படும் கீறல், மங்கல், பாவனையால் வரும் தேய்வு ஆகியவற்றுக்கு உத்தரவாதம் பொருந்தாது. பொருளின் பயன்பாட்டைப் பாதிக்காத குறை குறையாகக் கொள்ளப்படாது. கண்ணுக்குத் தெரியும் குறையைப் பொருளைப் பெறும்போதே சொல்ல வேண்டும், ஒப்பமிட்ட பிறகு சொன்னால் ஏற்கப்படாது.

இப்படி எழுதுவது அநியாயம் என்று நான் சொல்ல மாட்டேன். இங்கேயும் இப்படித்தான் எழுதுகிறார்கள். யன்னல் திறக்கிறது, பூட்டுகிறது, மழைத் தண்ணீர் உள்ளே வரவில்லை. அப்படியென்றால் யன்னல் தன் வேலையைச் செய்கிறது. கீறலுக்கெல்லாம் மாற்றிக் கொடுத்தால் கடை ஒரு மாதத்தில் மூடப்படும். இங்கே கண்ணாடிக்காரர்கள், பகல் வெளிச்சத்தில், வீட்டுக்குள்ளே, மூன்று மீற்றர் அளவு தள்ளி நின்று பாருங்கள் என்பார்கள். அங்கிருந்து தெரிந்தால் கீறல். டோர்ச் அடித்துக் கிட்டப்போய்த் தேடினால்தான் தெரியும் என்றால் பொறுத்துக்கொள்ள வேண்டும். ராத்தாவின் கண்ணாடியில் இருப்பது வாசல் கேற்றடியிலிருந்து தெரிகிறது.

ஆனால் அட்டையை நாலு தரம் வாசித்த பிறகு எனக்கு ஒன்று விளங்கியது. கீறலின் நீளமும் ஆழமும் கடைசியில் முக்கியமே இல்லை. நேரம்தான் முக்கியம். ஒரே கீறல், ஒப்பத்துக்கு முன்னால் இருந்தால் கடைக்காரரின் குறை, பின்னால் என்றால் வாங்கியவரின் பாவனை. அதனால் எல்லாம் அந்த ஒப்பத்தில் தொங்குகிறது. பார்க்க விட்டு வாங்கிய ஒப்பம் என்றால் நான் இன்றைக்கு வாயை மூடிக்கொண்டிருப்பேன். நீங்கள் வாங்கியது நீலப் பொலித்தீனுக்கு மேலே. உங்கள் அட்டையில் 'ஈரம்' என்று புள்ளடி போட ஒரு கட்டம் இல்லை.

என் மகன் ஆதில் இங்கே பிறந்தவன், பல்கலைக்கழகத்தில் படிக்கிறான். என்னை வாப்பா என்று கூப்பிடுவதை எப்போதோ விட்டுவிட்டான். அட்டையை அவனிடம் காட்டினேன். ஒரு தரம் வாசித்துவிட்டு, "அவங்க ஒப்பம் வச்சிருக்காங்க" என்று ஆங்கிலத்தில் சொல்லித் தொலைபேசியைத் திருப்பித் தந்தான். அவங்க. தன் மாமியை அப்படிச் சொல்கிறான். அவள் இவனைக் கடைசியாகப் பார்த்தபோது மடியில் வைத்து மீன் முள் எடுத்து ஊட்டியவள். அதைச் சொன்னேன். அது இந்த ஒப்பந்தத்துக்குச் சம்பந்தமில்லை என்றான். அவன் சொன்னது சரி. அதனால் எனக்கு இன்னும் கோபம் வந்தது.

6

உங்கள் மனேஜருக்கு நானே அழைப்பெடுத்தேன். நான் யார் என்றதும், அண்ணன் முறை வைத்து, "ஆ, லண்டன் காக்கா" என்றார். நான் இருப்பது மான்செஸ்டர். நம் ஊருக்கு எல்லாமே லண்டன்தான்.

ஒப்பம் வாங்கும்போது பொலித்தீன் இருந்ததா என்று கேட்டேன். இருந்திருக்கும், அது உங்கள் நன்மைக்குத்தானே போட்டது என்றார். உரித்துக் காட்டிவிட்டு வாங்கியிருக்கலாமே என்றேன்.

"எல்லாரும் இப்பிடித்தான் காக்கா சைன் வைக்கிற. இவ்வளவு காலத்துல ஒருத்தரும் கேட்டதில்ல. நீங்கதான் மொதல் ஆள்."

அதற்குப் பதில் சொல்ல வாயெடுத்தேன். வந்ததெல்லாம் வேலைத்தள ஆங்கிலம். கோபம் வந்தால் எனக்கு இப்போது தமிழ் பிந்தித்தான் வருகிறது. அவர் சிரித்தார்.

"என்ன காக்கா, கதையும் மறந்து போச்சா? அங்கத்த சட்டம் இஞ்ச செல்லாது."

தொலைபேசியை வைத்துவிட்டார்.

அன்றைக்கு ராத்தாவோடு கதைக்கும்போது அழுகைச் சத்தம்தான் அதிகம். இடையில் ஷிஃபானா தொலைபேசியை வாங்கினாள். கலியாணம் தள்ளிப்போன பிள்ளை அழுவாள் என்று நினைத்தேன். அவள் குரலில் அழுகையே இல்லை.

"மாமா, என்ட அறை யன்னல் இன்னும் உரிக்கல்ல."

எனக்கு உடனே விளங்கவில்லை.

"முன் மண்டபத்துல மட்டுந்தான் உம்மா உரிச்ச. என்ட அறையில மாப்புள வந்தாத்தான் உரிக்கணும் எண்டு விட்டுட்டா. அவனுகள் ஒட்டினது ஒட்டினபடி கெடக்கு. அதே நாள் பூட்டின யன்னல்தான். உம்மா கம்பியால தேச்சா எண்டா, அதுக்குக் கீழ கண்ணாடி நல்லாத்தானே இரிக்கணும்?"

ஓம். அவ்வளவுதான் விசயம். எங்களை மாட்டிவிட்ட அதே பொலித்தீன் ஒரு யன்னலில் இன்னும் இருக்கிறது.

ராத்தா உடனே, நாங்கள் உரித்துப் பார்ப்போமா என்றாள். நான் சத்தம் போட்டேன். "தொட வேணாம் ராத்தா. நீங்க தொட்டா அதுவும் நீங்க கீறினதுதான்." பாவம், பயந்துபோனாள். அன்றிலிருந்து அந்த அறை பூட்டியிருக்கிறது. காலையில் ஒருமுறை திறந்து, பொலித்தீனின் நாலு ஓரமும் ஒட்டியபடி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பூட்டுகிறாளாம். மகளின் கலியாண அறையில் அவள் இப்போது செய்கிற ஒரே வேலை அது.

மச்சான் உங்கள் கடைக்குப் போய், வந்து நீங்களே உரியுங்கள் என்று கேட்டார். மச்சான் அதிகம் கதைக்காத மனிதர். வயலுக்குப் போன உடுப்போடு வெயிலில் நின்று கேட்டிருக்கிறார். உங்கள் மனேஜர், ஒவ்வொரு வீடாகப் போய்ப் பொலித்தீன் உரித்துக்கொண்டிருக்க ஏலாது என்று அனுப்பிவிட்டார். நீங்கள் உள்ளே கண்ணாடி அறையில் இருந்தீர்கள். மச்சானை நீங்கள் கண்டீர்கள். அவரும் உங்களைக் கண்டார்.

கீறல் இல்லை என்று அவ்வளவு நிச்சயமாகத் தெரிந்தவர்கள், ஒரு பொலித்தீனை உரிக்க ஏன் வரவில்லை?

7

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது ஆதில் பின்னால் வந்து நின்றான். தமிழ் வாசிக்கத் தெரியாது. என்ன எழுதுகிறாய் என்று கேட்டான். சொன்னேன். பிறகு கேட்டான்: "அதுக்குக் கீழே கண்ணாடி சுத்தமா இருந்தா?"

நான் அந்த யன்னலைக் கண்ணால் கண்டதில்லை. எனக்குத் தெரிந்தது என் ராத்தாவை மட்டும்தான். மாதத்துக்கு ஆயிரம் கார் பார்க்கிறவன், பார்க்காத கண்ணாடிக்காக ஊரைக் கூட்டப் போகிறேன். என் ராத்தாவின் வார்த்தையும் ஒரு பிள்ளையின் கலியாணமும் அந்த நீலப் பொலித்தீனுக்குக் கீழே இருக்கின்றன. சுத்தமாக இருந்தால் அதையும் எழுதுவேன் என்று அவனுக்குச் சொன்னேன். சரி என்று தலையாட்டினான். போகும்போது, "எப்போ உரிக்கிறாங்க, எனக்கும் சொல்லுங்க வாப்பா" என்றான்.

முதலாளி, இப்போது உங்களுக்கு.

இந்த இதழ் கைக்கு வந்த பிறகு வருகிற முதல் வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து, நல்ல பகல் வெளிச்சத்தில் ராத்தாவின் வீட்டுக்கு வாருங்கள். உங்கள் மனேஜரையும், யன்னல் பூட்டிய ஆட்களையும் கூட்டி வாருங்கள். பள்ளிவாசலை நடத்துகிற மரைக்காயர்மாரிடம் மச்சான் சொல்லிவிட்டார், அவர்களும் வருவார்கள். மாப்பிள்ளையின் உம்மாவுக்கும் சொல்லியாகிவிட்டது. பொலித்தீனை எங்கள் ஆட்கள் யாரும் தொட மாட்டார்கள். நீங்கள் உங்கள் கையால் உரியுங்கள்.

கண்ணாடி சுத்தமாக இருந்தால், என் ராத்தா பொய் சொன்னாள், நான் அதை நம்பிக் கடைக்காரரைப் பழித்தேன் என்று இதே பக்கத்தில் என் முழுப் பெயரோடு எழுதுகிறேன். கீறல் இருந்தால் எங்களுக்குப் புதுக் கண்ணாடி வேண்டாம். கீறலோடு அந்த யன்னல்கள் இருந்துவிட்டுப் போகட்டும், மழைக்குத் தடுப்பாக இருக்கும். உங்கள் மனேஜர் எந்த மண்டபத்தில் நின்று என் ராத்தாவைப் பொய்க்காரி என்றாரோ, அதே மண்டபத்தில், அதே பெண்களுக்கு முன்னால், நீங்கள் நின்று அது பொய் என்று சொல்ல வேண்டும்.

வர முடியாது என்றால் இந்தப் பத்திரிகைக்கு எழுதுங்கள். ஆசிரியர் இடம் தருவதாகச் சொல்லியிருக்கிறார். மனேஜரைக் கொண்டு எழுதுவிக்க வேண்டாம். உங்கள் பெயரைப் போட்டு, தமிழில் எழுதுங்கள். என் ராத்தாவிடம் ஒப்பம் வாங்கும்போது அந்தக் கண்ணாடிகள் மூடியிருந்தனவா, திறந்திருந்தனவா? அதற்கு முன்னால் உங்கள் ஆட்களின் கையில் இருந்தது என்ன?

ஊர் வாசித்துக்கொண்டிருக்கிறது. சொல்லுங்கள்.